அத்தப்பன் காய் பேசின காலம்

அத்தப்பன் தோட்டத்துக் காய் வாய்க்குள்ள பேச ஆரம்பிச்சது எந்த வருஷம்னு கேட்டா, எங்க கொழிஞ்சிப்பாளையத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, மழை பொய்ச்ச வருஷம்னு ஒருத்தர், பஸ் ஸ்டாண்டை இடம் மாத்தின வருஷம்னு இன்னொருத்தர். அதெல்லாம் விடுங்க, நான் சொல்றதைக் கேட்டுக்குங்க. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ரிட்டையர் ஆகி மூணாவது வருஷம், ஆவணி மாசம், ஒரு புதன்கிழமை மத்தியானம், சிறுகீரை மசியல் போட்டுப் பிசைஞ்சு ரெண்டாவது வாய் வைக்கும்போது, நாக்குக்கு அடியிலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல், "முட்டி வலி இன்னிக்குத் தேவலை சாமி, நேத்துத்தான் உசுரெடுத்துருச்சு"ன்னு சொல்லுச்சு.

நான் பயப்படலை. முப்பத்தஞ்சு வருஷம் காதுல மாட்டின ஹெட்போன்ல ஊர்க்குரல் பூரா கேட்டவ நான். சீமந்தம், சாவு, காதல், கடன், ராணுவத்துல இருந்து பேசற புருஷன், பேசத் தெரியாம மூச்சு மட்டும் விடற பொண்டாட்டி, எல்லாத்தையும் கேட்டாச்சு. இது காதுக்குப் பதிலா நாக்குல கேட்குது, அவ்வளவுதான் வித்தியாசம். முழுங்கிட்டு அடுத்த வாய் வெச்சேன். "மோர் புளிச்சுப் போச்சு, யாருக்குத்தான் உறை ஊத்தறேன்னு தெரியல"ன்னுச்சு. தட்டு காலியாகற வரைக்கும் சாப்பிட்டேன். கல்யாணம் அமையாத பொம்பளை நான், அதை ஒரு கதையாக்க வேண்டாம், ஆனா என் வீட்டுச் சமையக்கட்டுல இன்னொரு ஆள் குரல் கேட்டது அன்னிக்குத்தான் முதல் தடவை, அதைச் சொல்லித்தான் ஆகோணும்.

யாரு இந்த அத்தப்பன்? எங்க உழவர் சந்தையில வேப்பமரத்தடியில நாலு சாக்கு விரிச்சு, தராசை மாட்டிட்டு உட்கார்றவரு. ஐம்பத்தஞ்சு வயசு, ஒல்லி உடம்பு. ஊருக்குக் கிழக்கே ரெண்டு ஏக்கரும் ஒரு கெணறும் உண்டு. சம்சாரம் ருக்குமணி காய்ச்சல்ல போய் ஆறு வருஷம், குழந்தை குட்டி இல்லை. சுத்தியிருந்த தோட்டக்காரங்க ஒவ்வொருத்தரா வித்துட்டுப் போக, நாலு பக்கமும் வெள்ளைக் கல்லு நட்டு சைட்டு போட்டுட்டாங்க. வீடும் வரலை, ஆளும் வரலை, கல்லு மட்டும் நிக்குது. வரப்புல நின்னு "ஏனுங், தண்ணி பாஞ்சுதுங்களா"ன்னு கூவினா, பாஞ்சுதுன்னு திருப்பிக் கூவ ஒரு உசுரு கிடையாது. அதனால அவரு செடிகிட்டப் பேசினாரு. செடி கேட்டதை வேர்ல வெச்சு, தண்டுல ஏத்தி, இலையிலயும் காயிலயும் சேர்த்து வெச்சுச்சு. நாங்க வாங்கிட்டு வந்து தாளிச்சோம். அவரு தட்டுல மட்டும் அது வாயைத் திறக்கலை போல, அவருக்கு ஒண்ணும் தெரியாது.

நாலஞ்சு மாசத்துக்குள்ள ஊருக்கே விஷயம் புரிஞ்சுபோச்சு. கீரைக்கு இருபத்தஞ்சு நாள்தான், அதனால கீரை சொல்றது இந்த மாசத்துச் சேதி. பூசணி நாலு மாசம் கொடியில கிடக்கும், அது பழைய கடுதாசி மாதிரி. சேனைக்கிழங்கு ஒம்பது மாசம் மண்ணுக்குள்ள இருந்துட்டு வர்றது, அதைச் சாப்பிட்டா போன சித்திரையில அவரு அழுதது இந்தத் தையில நம்ம தொண்டையை அடைக்கும். கோபம் வந்த அன்னிக்குப் பாகற்கொடிகிட்டத்தான் போவாரு போல, பாகற்காய் முழுக்க மயிலுக்கும் காட்டுப்பன்னிக்கும் விழுந்த திட்டு. சர்க்கரை வியாதிக்காரங்க அத்தனை பேரும் காலங்காத்தால வெறும் வயித்துல அந்தத் திட்டை வாங்கிக் குடிச்சுட்டுத்தான் வாக்கிங் போனாங்க.

முதல்ல சிலபேரு பல்லுல கோளாறுன்னு பல் டாக்டர்கிட்டப் போனாங்க, டாக்டரே அத்தப்பன்கிட்டத்தான் அவரைக்காய் வாங்கறாருன்னு தெரிஞ்சு திரும்பி வந்தாங்க. ஒருத்தர் மண்ணுல ஏதோ இருக்குதுன்னு ஒரு பொட்டலம் மண்ணைச் சோதனைக்கு அனுப்பி வெச்சாரு, தழைச்சத்து மணிச்சத்து எல்லாம் சரியான அளவுல இருக்குதுன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அதுக்கு மேல யாரும் துருவலை. நமக்குச் சோறு வேணும், சோத்துக்குள்ள பேச்சு வருது, வரட்டும்னு விட்டாச்சு. மெஸ் நடத்தற சின்னராசு "சாப்பிடும்போது பேசாதீர்கள்"னு போர்டு எழுதி மாட்டினாரு. மத்தியானத்துல தெருத்தெருவா டிவியை நிறுத்தினாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்து, ஒரே பொரியலை மென்னுட்டு, ஒரே நேரத்துல சிரிச்சாங்க. தட்டுல பருக்கை மிஞ்சறது நின்னுபோச்சு, சாம்பார்ல கிடக்கற கறிவேப்பிலையைக்கூட ஒருத்தரும் ஒதுக்கி வைக்கலை, அதுலயும் ஒரு வார்த்தை இருந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு பதைப்பு.

மளிகைக்கடை ரங்கப்பன் மக கல்யாணத்துல நடந்ததை ஊரே சொல்லும். நானூறு இலை, பூசணிக்காய் கூட்டு, காயெல்லாம் அத்தப்பன் தோட்டம். முதல் பந்தியில அத்தனை பேரு கையும் வாய்க்கிட்டப் போய் அப்படியே நின்னுச்சு. "ருக்கு, இன்னிக்கு உனக்குத் தெவசம். உனக்குப் பிடிச்ச பூசணிக்கூட்டு வெச்சுப் படைச்சேன், உப்புப் போட மறந்துட்டேன். நீ இருந்தா அந்த வாங்கு வாங்கியிருப்பே. திட்டறதுக்கும் ஒரு ஆளில்லாமப் போச்சு ருக்கு"ன்னு நானூறு வாயிலயும் ஒண்ணுபோலக் கேட்டுச்சு. கல்யாணப்பொண்ணு மாலையோட உட்கார்ந்து அழுதா, மாப்பிள்ளை அழுதான், பரிமாறவந்த ஆள் வாளியைக் கீழே வெச்சுட்டுத் துண்டால மூஞ்சியைத் துடைச்சான். அப்புறம் பாயசம் வந்துச்சு, எல்லாரும் குடிச்சோம்.

கை கழுவிட்டு மண்டபத்து வாசல்ல நின்னு பேசிக்கிட்டாங்க. நேராப் போய் அந்த மனுஷன் கையைப் பிடிச்சுட்டு ரெண்டு வார்த்தை சொல்லலாம், உங்க சோத்தைத்தான் திங்கறோம், உங்க சங்கடமும் எங்களுக்குத் தெரியும்னு சொல்லலாம்னு சின்னராசு சொன்னாரு. எல்லாரும் ஆமாம் ஆமாம்னாங்க. அப்பத்தான் நான் வாயைத் திறந்தேன். என் வாயில ஆணியடிச்சிருக்கலாம்.

"நீங்க பாட்டுக்குப் போய்ச் சொல்லிடாதீங்க"ன்னேன். "ஒட்டுக்கேட்டது தெரிஞ்சா அந்த மனுஷன் வாயைத் தைச்சுக்குவாரு. எக்ஸ்சேஞ்சில முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதானுங்க, கேட்டதைக் கேட்காத மாதிரி இருக்கோணும். மரியாதையா நடந்துக்குவோம், அது போதும்."

டெலிபோன் அக்கா சுலோச்சனா சொன்னா சரியா இருக்கும்னு ஊரு ஒத்துக்கிச்சு. மரியாதையா நடந்துக்கறதுன்னா என்னன்னு யாரும் கேட்கலை, நானும் யோசிக்கலை. எங்களுக்குத் தெரிஞ்ச மரியாதை ஒண்ணே ஒண்ணுதான். பேரம் பேசறதை நிறுத்திட்டோம்.

உழவர் சந்தைன்னா உங்களுக்குத் தெரியும். விலை போர்டுல எழுதியிருந்தாலும் சும்மா வாங்கிட்டு வர்றவங்க யாரு? தக்காளியை அமுக்கிப் பார்க்கோணும், முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கோணும், நேத்து மாதிரி இல்லையேன்னு மூஞ்சியைச் சுளிக்கோணும், எடை சரியா நிக்கலைன்னு ஒரு சண்டை, கொத்தமல்லி கொசுறு குடுக்கலைன்னு இன்னொரு சண்டை. நானெல்லாம் வெண்டைக்காய் முனையை ஒடிக்காம ஒரு காய் வாங்கினதில்லை. டப்புன்னு ஒடிஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல். அத்தப்பன் கடையில மட்டும் இதெல்லாம் நின்னுபோச்சு. சாமி சந்நிதியில நிக்கற மாதிரி வரிசையில நின்னோம். அவரு எடுத்துப் போட்டதை வாங்கினோம், பையை விரிச்சுப் பிடிச்சோம், தலையைக் குனிஞ்சுட்டு வந்தோம். முத்தலைப் போட்டாலும் முத்தல், சொத்தையைப் போட்டாலும் சொத்தை. கொசுறுன்னு ஒருத்தர் வாயைத் திறக்கலை. அவரே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கிள்ளி நீட்டினாக்கூட, ஐயோ வேண்டாங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஓடினோம். எத்தனை பெரிய முட்டாள்கள் பாருங்க நாங்க, அதை நன்றின்னு நினைச்சோம்.

ஒரு வருஷம் இப்படியே போச்சு. அடுத்த ஐப்பசியில வியாபாரிகள் சங்கத்துல அவருக்கு ஒரு பாராட்டு விழா வெச்சாங்க. பிளெக்ஸ் அடிச்சு, சேர் போட்டு, பொன்னாடை போர்த்தி, நாலு பேரு மைக்கைப் பிடிச்சு உழவன் இல்லாட்டி உலகமில்லைன்னு ஒரு மணி நேரம் முழங்கினாங்க. முழங்கினவங்க ஒருத்தரும் மேடையை விட்டு இறங்கினப்புறம் அவருகிட்டப் பேசலை. எப்படிப் பேசறது? நேத்து ராத்திரி ரசத்துல அவரு முதுகு வலியைக் கேட்டவன், இன்னிக்கு நல்லாயிருக்கீங்களான்னு எந்த மூஞ்சியை வெச்சுட்டுக் கேட்பான்? பொன்னாடையை மடிச்சுக் கக்கத்துல வெச்சுட்டு அவரு சைக்கிளைத் தள்ளிட்டுப் போனாரு. நான் பார்த்துட்டே நின்னேன்.

மார்கழி இருபத்திரண்டு, மறுபடியும் சிறுகீரை. அன்னிக்கு அவருகிட்டக் கீரை வாங்கின அறுபது வீட்டுலயும் இதைக் கேட்டாங்க. "பொன்னாடை போர்த்தினாங்க, அதைக் காக்காய்க்குக் கட்டின பொம்மைக்குப் போர்த்திட்டேன் சாமி. மைக்குல பேசினாங்க, என்கூட ஒருத்தரும் பேசலை. ஒரு வருஷமாச்சு, சந்தையில என்னைப் பார்த்தா எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறாங்க. காயைத் தொட்டுப் பார்க்கறதில்லை, சண்டை பிடிக்கறதில்லை, கொசுறு குடுத்தாக்கூட வாங்கறதில்லை. என்ன தப்புப் பண்ணினேன்னு எனக்கே தெரியல. அந்த வெண்டைக்காய் முனையை ஒடிக்கற அக்கா இருக்காங்களே, அவங்ககூட என்னை விட்டுட்டாங்க. தை பொறந்ததும் கையெழுத்துப் போட்டுடறேன்னு சைட்டுக்காரருகிட்டச் சொல்லிட்டேன். நீதான் கடைசி விதைப்பு."

ரெண்டு வருஷமா அவரு குரல் எத்தனையோ சொல்லியிருக்கு, என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னது அன்னிக்குத்தான். அதுவும் இப்படி.

சாயங்காலம் சின்னராசுவும் எங்க ஊர் ஸ்கூல் அமுதவல்லி டீச்சரும் என் வீட்டுக்கு வந்தாங்க. டீச்சர் கண்ணெல்லாம் சிவந்து கிடந்துச்சு.

"அக்கா, தைக்கு எட்டு நாள்தான் இருக்குதுங்க"ன்னாரு சின்னராசு. "நீங்கதான் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க. நீங்களே மாத்திச் சொல்லிட்டா ஊரு கேட்கும்."

"பார்க்கலாம்"னேன்.

"பார்க்கலாம்னா எப்பங்க?"

"பார்க்கலாம்னு சொன்னா பார்க்கலாம்தானுங்க. போயிட்டு வாங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்றேன். அவங்களை அனுப்பிட்டுக் கதவைச் சாத்தினேன், மூணு நாள் ஒண்ணும் பண்ணலை. சந்தைக்குப் போனேன், வரிசையில நின்னேன், தலையைக் குனிஞ்சுட்டு வாங்கிட்டு வந்தேன். ஏன்னா எனக்குக் கணக்குத் தெளிவாத் தெரிஞ்சுச்சு. நான் வாயைத் திறந்தா ஊரு திறக்கும், ஊரு திறந்தா அவருக்குப் பேச ஆள் கிடைக்கும், பேச ஆள் கிடைச்ச மனுஷன் கீரைப்பாத்தியில குத்தவெச்சு உட்கார்ந்து எதுக்குப் பேசப்போறாரு? அப்புறம் என் வீட்டுல மத்தியானம் ஒரு மணிக்கு யாரு பேசுவா? மிக்ஸி பேசும், பல்லி பேசும். அவரு நிலத்தை வித்துட்டுப் போனாலும் பேச்சு போயிடும்தான், அது தெரியாமலா? ஆனா அது அவரா எடுத்துட்டுப் போறது, இது நானா குடுக்கறது. நானாக் குடுக்க எனக்கு மனசு வரலை. இத்தனை கேவலமா ஒருத்தி இருப்பாளான்னு கேட்டா, இருந்தேன்.

நாலாம் நாள் காலையில கடைசிக் கட்டுக் கீரை மிஞ்சியிருந்ததைக் கடைஞ்சேன். அதுல வார்த்தையே இல்லை. ஒரு பெருமூச்சு மட்டும் இருந்துச்சு. வெளியூருக்குப் போடற ட்ரங்க் கால்ல மூணு நிமிஷம் முடியப்போகுதுன்னு தெரிஞ்சும் பேச ஒண்ணும் கிடைக்காதவங்க விடுவாங்களே, அந்த மூச்சு. அந்த மாதிரி நேரத்துல நான் ஒரு தடவைகூட நடுவுல புகுந்து, சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கறேன்னு சொன்னதில்லை, அது ரூல் இல்லை. ரூலும் மண்ணாங்கட்டியும்! பாதித் தட்டுல எழுந்து கை கழுவிட்டு மஞ்சப்பையை எடுத்தேன்.

சந்தையில நல்ல கூட்டம். வேப்பமரத்தடியில மட்டும் கப்சிப்னு இருபது பேரு வரிசை. நான் வரிசையில நிக்கலை, விறுவிறுன்னு முன்னால போனேன், சாக்குல குவிச்சிருந்த வெண்டைக்காயில ஒண்ணை எடுத்தேன், முனையை ஒடிச்சேன். டப்புன்னு ஒடிஞ்சுச்சு. நல்ல பிஞ்சு. பின்னால நின்ன டீச்சர் ஐயோன்னாங்க.

"என்னுங்க இது, முத்தலைக் கொண்டாந்து கொட்டியிருக்கீங்க?"ன்னேன்.

அத்தப்பன் நிமிர்ந்து பார்த்தாரு. தொண்டையைச் செருமிட்டு வாயைத் திறந்தாரு. ரெண்டு வருஷமா நாக்குல கேட்ட குரலை ரொம்ப நாளைக்கப்புறம் காதால கேட்கறேன், அது நான் நினைச்சதைவிட மெலிசா இருந்துச்சு, கொஞ்சம் நடுங்கிச்சு.

"முத்தலுங்களா?"

"முத்தலுங்க. வேணும்னா நீங்களே ஒடிச்சுப் பாருங்க."

"அக்கா, விடியறதுக்கு முன்னால பறிச்சதுங்க இது. டப்புன்னு ஒடிஞ்சது இந்தச் சந்தைக்கே கேட்டுச்சு. அதைப் போய் முத்தல்ங்கறீங்க?"

"எனக்குக் கேட்கலீங்க."

"கேட்கலைன்னா காதைப் பாருங்க! என் காயை ஏன் குத்தம் சொல்றீங்க? முனையெல்லாம் ஒடிச்சுப்போட்டா மிச்சத்தை யாருங்க வாங்குவா?" எழுந்து நின்னுட்டாரு. கழுத்து நரம்பு புடைக்குது, கண்ணுல மட்டும் தண்ணி நிக்குது. "இன்னொருக்காச் சொல்லுங்க, முத்தல்னு இன்னொருக்காச் சொல்லுங்க பார்க்கலாம்!"

"முத்தல், முத்தல், முத்தல்! நூறு தடவை சொல்லுவேன். அரைக் கிலோ போடுங்க. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறு வேணும், போன வருஷம் பூரா நீங்க குடுக்காததையும் சேர்த்து வேணும்."

"நானா குடுக்கலை? நீங்கதானுங்க கும்பிட்டுட்டு ஓடினீங்க!"

பின்னால நின்ன சின்னராசுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. "அண்ணா, போன வாரம் உங்க பாகற்காய் கசந்துச்சுங்க!"ன்னு ஒரு சத்தம் போட்டாரு.

"யோவ், பாகற்காய் கசக்காம இனிக்குமாய்யா?"

சந்தையே சிரிச்சுச்சு. அப்புறம் ஆளாளுக்குப் புகுந்தாங்க. எடை நிக்கலை, தக்காளி அமுங்குது, முருங்கைக்காய் சக்கைன்னு அடிச்சுப் பிடிச்சாங்க, டீச்சர் அழுதுட்டே கத்திரிக்காய்க் காம்பைத் திருகிப் பார்த்துச் சொத்தைன்னாங்க. அவரு ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லி, ஒவ்வொருத்தர்கிட்டயும் சண்டை பிடிச்சு, குரல் கட்டிப்போய், கடைசியில சாக்கு மேல உட்கார்ந்து துண்டை மூஞ்சியில போட்டுக்கிட்டாரு. தோள் குலுங்கிச்சு. நாங்க பொறுக்கி எடுத்த காயை நாங்களே நிறுத்துப் போட்டுக்கிட்டோம்.

தை பொறந்துச்சு. சைட்டுக்காரரு ரெண்டு தடவை காரெடுத்துட்டு வந்து பார்த்துட்டு, சந்தையில அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுத் திரும்பிப் போனாரு. தை கடைசியில புதுக் கீரை வந்துச்சு. சண்டை நடந்த மறுநாள் விதைச்ச பாத்தி. அரிஞ்சு, கடைஞ்சு, நெய் விட்டு, கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தேன். முதல் வாயில ஒண்ணுமில்லை. ரெண்டாவது வாயில அவரு குரல் அவசரமா வந்துச்சு. "இன்னிக்கு நேரமாச்சு சாமி, அப்புறம் பேசறேன். அந்த முனை ஒடிக்கற அக்கா வந்திருப்பாங்க, போகோணும்."

அதுக்கப்புறம் கீரை வெறும் கீரைதான். வெண்டைக்காயும் பேசலை, அவரையும் பேசலை. பழைய பூசணி ரெண்டொண்ணு சித்திரை வரைக்கும் ஏதோ முனகிட்டு இருந்துச்சு, அதுவும் தீர்ந்துச்சு. டிவியெல்லாம் மறுபடி போட்டாச்சு. சின்னராசு மெஸ்ல போர்டைத் திருப்பிப் பின்பக்கம் "இன்று கூட்டு" எழுதிட்டாரு. ஊருக்கு ஒண்ணும் குறையலை, அவங்கவங்க வீட்டுல பேச அவங்கவங்களுக்கு ஆள் இருக்குது. எனக்குச் சந்தையில பத்து நிமிஷச் சண்டை. மீதி நாள் பூரா பழையபடி மிக்ஸியும் பல்லியும். உப்பும் காரமும் நல்லாத்தான் தெரியுது, ஆனா சாப்பிட்டு முடிக்க முன்னைவிட நேரமாகுது, இன்னும் ஒரு வாய் பார்ப்போம்னு உட்கார்ந்தே இருக்கறேன்.

ஆனா தையில அவரு தோண்டின சேனையில ஒண்ணை நான் வாங்கி வெச்சிருந்தேன். ஒம்பது மாசப் பேச்சு, அவரு ரொம்ப ஒண்டியாக் கிடந்த மாசங்களோட பேச்சு, அத்தனையும் அதுக்குள்ள இருக்குது. பலதடவை கத்தியை எடுத்தேன், வெட்ட மனசு வரலை. சமையக்கட்டு மூலையில கிடந்து கிடந்து வைகாசியில மூக்கு விட்டு முளைச்சுருச்சு. மொட்டைமாடியில ஒரு பெரிய தொட்டியில மண்ணு நிரப்பி வெச்சேன். இப்ப குடை மாதிரி இலை விரிச்சு நிக்குது.

தினமும் காலையில அதுகிட்ட நான்தான் பேசறேன். முட்டி வலியில ஆரம்பிக்கறேன். அப்புறம் எக்ஸ்சேஞ்சு, அப்புறம் எங்கம்மா, அப்புறம் இத்தனை வருஷம் யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணு ரெண்டு. அன்னிக்கு மண்டபத்து வாசல்ல நான் சொன்னது தப்புங்க, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லியிருக்கறேன். ரெண்டு வருஷம் என் வீட்டுல சோறு உங்களோடதான் திங்கறேன்னு நினைச்சுத் தின்னேனுங்கன்னு சொல்லியிருக்கறேன். இதையெல்லாம் சந்தையில வெச்சுச் சொல்ல முடியாது, அங்க எங்களுக்குச் சண்டைக்கே நேரம் பத்தறதில்லை.

தையில தோண்டுவேன். பாதியை நறுக்கி மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போவேன், அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்குவேன், முத்தல்னு சண்டை பிடிப்பேன். எல்லாம் முடிஞ்சு கிளம்பறப்ப அந்தத் துண்டை அவரு தராசுல வெச்சுட்டு, "இது கொசுறுங்க, வெச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டு வரப்போறேன். தின்னும்போது அவருக்குக் கேட்டா கேட்கட்டும். கேட்கலைன்னா, வறுவல் நல்லா இருந்துச்சுங்கக்கான்னாவது மறுநாள் சொல்லுவாருல்ல.